ரத்தாகும் விதியின் இரண்டாவது பத்தி

தம்பி,

"படிக்க வேண்டாம்மா, எல்லாரும் போடுறதுதான். கையெழுத்தை மட்டும் போட்டு வை" என்று சொல்லி, கப்பல் ஏஜென்ட் கொடுத்த நான்கு தாள்களையும் சமையலறை பிரிட்ஜ் மேல் வைத்தாய். காற்றில் பறந்துவிடக் கூடாது என்று உப்பு ஜாடியை எடுத்து அதன்மேல் வைத்தாய். அப்புறம் பூட்ஸ் வாங்க விருதுநகருக்கு பஸ் ஏறிப் போய்விட்டாய். பதினெட்டு வருஷமாக சிவகாசி அச்சாபீசில் அடுத்தவர்கள் எழுதியதைப் படித்துப் பிழை திருத்தித்தான் உனக்குச் சோறு போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவளிடம் படிக்காதே என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நீ சொன்ன அதே சொற்களை, இதே ஆமத்தூர் வீட்டில், பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அன்று படித்தேன், படித்த பிறகும் கையெழுத்துப் போட்டேன். அதை உன்னிடம் சொல்லாமலே உன்னை இருபத்தோரு வயது வரைக்கும் வளர்த்துவிட்டேன். வியாழக்கிழமை நீ கப்பலுக்குப் போகிறாய். இனியும் சொல்லாமல் இருந்தால் நான் உனக்குத் தாயே இல்லை.

உன் அப்பா நடுக்கடலில் மாரடைப்பு வந்து இறந்தார் என்று சொல்லியிருக்கிறேன். மாரடைப்பு இல்லை. நடுக்கடலும் இல்லை. வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே, கரையில் ஓடுகிற கார்களின் விளக்கு தெரிகிற தூரத்தில், நங்கூரம் போட்டு நின்ற கப்பலில், குடல்வால் வெடித்து இறந்தார். மூன்று நாள் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று நாளும் நான் போனில் இருந்தேன். உனக்கு அப்போது ஐந்து வயது. எனக்கு இருபத்தைந்து. பள்ளிக்கூடத்தில் உன்னை விட வரும்போது மற்ற அம்மாக்கள் என்னை உன் அக்கா என்று நினைத்துக்கொள்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்த வயசு.

அவர் இன்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிறவராக இருந்தார். வேறொரு நாட்டுக் கொடி கட்டிய பழைய சரக்குக் கப்பல். முதலாளி கைவிட்டுவிட்டார் என்பது எங்களுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. முதலில் கம்பெனி போனை எடுக்காமல் போனது. பிறகு கேப்டன், "கரைக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறேன்" என்று படகில் இறங்கிப் போனார், திரும்பி வரவே இல்லை. மிச்சம் ஒன்பது பேர், ஒரு வங்காளத்துக்காரருடைய ஒரே ஒரு போன். ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் சாயங்காலம் அவருடைய இரண்டு நிமிஷம் வந்தது.

"வயிறு ஒரு மாதிரி இருக்கு. நேத்துத் தொப்புளைச் சுத்தி வலிச்சுச்சு, இன்னைக்கு வலது பக்கமா எறங்கி நிக்குது. நிமிந்து நடக்க முடியல."

"சாப்பிட்டீகளா?"

"எதைச் சாப்பிட? அரிசி கெடக்கு, தண்ணிதான் துருவா வருது. நீ ஒண்ணும் பயப்படாத. பய என்ன செய்றான்?"

"வெளையாடுறான். கூப்பிடவா?"

"வேண்டாம், வெளையாடட்டும். நேரம் முடிஞ்சுட்டு."

எஸ்தர் அத்தை அப்போதே விருதுநகரில் நர்ஸ். அவளுக்குப் போன் போட்டு, வலி எங்கே ஆரம்பித்து எங்கே வந்து நிற்கிறது என்று சொன்னேன். உன் அத்தை எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை. "ஏட்டி, அது குடல்வாலு. இன்னைக்கே ஆபரேசன் பண்ணணும். நீ அங்க நம்ம தூதரகத்துக்குப் பேசு. நான் இங்கன டாக்டர்ட்ட எழுதி வாங்குறேன்" என்றாள். அவளுடைய கூடப் பிறந்த தம்பிதான் கப்பலில் கிடந்தான். ஆனாலும் குரல் நடுங்காமல் பேசினாள். இன்றுவரை அந்தத் தைரியத்தில் பாதிகூட எனக்கு வரவில்லை.

அந்தத் துறைமுக ஊரில் நம் நாட்டுத் துணைத் தூதரகம் ஒன்று இருந்தது. போனை எடுத்தவர் தமிழர். அதைக் கேட்டதும், கர்த்தர் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கப்பல் ஆளுங்க விஷயத்துல ஒரு விதி இருக்கும்மா. உடம்பு சரியில்லாத ஆளை கேப்டன் நேர்ல கூட்டிட்டு வந்து எங்க ஆபீஸ்ல ஒப்படைக்கணும். அப்பதான் நாங்க எடுத்துக்க முடியும்."

"கேப்டன் ஓடிட்டார் சார்."

"அப்ப கேப்டன் லெட்டர் கொடுக்கட்டும்."

"ஓடிப்போனவர் எப்படி சார் லெட்டர் கொடுப்பார்?"

"கம்பெனி லெட்டர்?"

"கம்பெனி போனே எடுக்கல."

"அப்ப அது எந்த நாட்டுக் கொடியோ, அந்த நாட்டுத் தூதரகத்துல கேளுங்க."

"அது எங்க சார் இருக்கு?"

"இந்த ஊர்ல இல்லம்மா."

சத்தம் போடவில்லை அவர். ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. மறுநாள் இரண்டு முறை பேசினேன். மூன்றாம் நாள் காலையில், "நேத்தும் நீங்கதானே பேசினீங்க? விதி புத்தகத்துல அப்படித்தாம்மா இருக்கு, நான் என்ன செய்ய?" என்றார். நான், "மன்னிச்சுக்கங்க சார்" என்று சொல்லி வைத்தேன். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டது, பார். அன்று மத்தியானம் அந்த வங்காளத்துக்காரர் கூப்பிட்டார். எனக்கு இந்தி தெரியாது. "பாபி, பாபி" என்று, அண்ணி என்பதற்கு அவர்கள் சொல்கிற சொல்லை மட்டும் சொல்லி அழுதார். அந்த அழுகைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அதன்பிறகு நான் செய்ததைத்தான் உன்னிடம் ஒளித்தேன். எட்டாம் நாள் உன் மாமா, கப்பலுக்கு ஆள் அனுப்பிய ஏஜென்டைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏஜென்ட் கையில் ஒரு தாள். உன் மாமா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன் என்பது உனக்குத் தெரியும். நம் பக்கத்தில் ஒரு அறை வெடித்துச் சிதறினால், அரசு ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வெளியே வருவதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு தாள் வந்துவிடும். எங்களுக்கு யார் மேலும் புகார் இல்லை, கவனக்குறைவு இறந்தவருடையது என்று அதில் இருக்கும். வீட்டு ஆட்கள் அழுதுகொண்டே கையெழுத்துப் போடுவார்கள். போட்டால்தான் உடல் வரும், அடக்கம், உதவிப் பணம் என்று மற்றதெல்லாம் நடக்கும். உன் மாமாவே எத்தனையோ வீட்டுக்கு அப்படித் தாள் கொண்டு போனவர். அவர் கெட்டவர் இல்லை. தங்கச்சி வீட்டிலும் தாள் வந்துதான் ஆகும் என்று நினைத்த மனிதர், அவ்வளவுதான்.

"ஏ தங்கச்சி, எல்லாரும் போடுறதுதான். படிச்சு என்ன செய்யப் போற? போட்டாத்தான் மச்சான் வருவாரு" என்றார்.

படித்தேன். இறந்தவருக்கு ஏற்கெனவே இதய நோய் இருந்தது, அதை மறைத்து வேலைக்குச் சேர்ந்தார், கம்பெனி மேலும் எந்த அரசு அலுவலகத்தின் மேலும் மனைவிக்குப் புகார் இல்லை என்று இருந்தது. ஒவ்வொரு சொல்லும் பொய். உன் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏஜென்டிடம் பேனாவை வாங்கி, எழுத்து விட்டுப்போன இடத்தில் அச்சாபீசில் போடுவது போலவே குறி போட்டு, ஓரத்தில் அந்த எழுத்தை எழுதினேன். "நல்லவேளை கவனிச்சீங்கம்மா, இல்லேன்னா ஏர்போர்ட்ல பிரச்சினை ஆயிருக்கும்" என்றான் அவன். பிறகு கீழே கையெழுத்துப் போட்டேன். கணவனைப் பற்றிய பொய்யை எழுத்துப்பிழை இல்லாத பொய்யாக்கிக் கொடுத்தவள் உன் அம்மா. மச்சான் வந்தார், பெட்டியில். நம் சபைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். உனக்கு மாரடைப்பு என்று சொன்னேன். தாளில் அப்படித்தானே இருந்தது?

அதற்கு அடுத்த வருஷம் ஒருநாள் உன் மாமாவுக்கு மதியச் சாப்பாடு கொடுக்க ஆலைக்குப் போனேன். வெடிமருந்து அறைக் கதவின் மேல் 'நான்கு பேர் மட்டும்' என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே வெறுங்காலோடுதான் போக வேண்டும் என்பதால் செருப்பெல்லாம் வாசலில் கிடந்தது. எண்ணினேன். ஆறு சோடி. "என்னண்ணே இது?" என்று கேட்டதற்கு, "ஆபீசர் வாற அன்னைக்கு வந்து பாரு, நாலு சோடிதான் கெடக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே மனிதர்களைக் காப்பாற்ற எழுதிய விதி, கதவில் இருந்தும் யாரும் மதிக்கவில்லை. அங்கே ஒரு மனிதனைச் சாகவிட்ட விதியை மூன்று நாள் அட்சரம் பிசகாமல் மதித்தார்கள். எந்த விதியை மதிப்பது, எதை மறப்பது என்பதை எப்போதும் விதிக்குப் பயப்படத் தேவையில்லாதவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

இப்போது இந்த மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் அச்சாபீசுக்கு ஒரு சட்டக் கையேட்டின் புதுப் பதிப்பு ஆர்டர் வந்தது. கூடவே ஒரு பட்டியலும். அரசு காலாவதியான விதிகளை ரத்து செய்கிறது, ஆகவே இந்தந்தப் பக்கங்களைப் புதுப் பதிப்பில் எடுத்துவிடவும் என்று பட்டியல் சொன்னது. அதில் ஒரு வரி, வணிகக் கப்பல் மாலுமிகளுக்குத் தூதரகங்கள் செய்ய வேண்டிய சேவைகள் பற்றிய பழைய விதிகள். எதிரே காரணம் என்ற கட்டத்தில் 'பயன்பாட்டில் இல்லை' என்று போட்டிருந்தார்கள்.

பயன்பாட்டில் இல்லையாம்! உன் அப்பாவின் மேல் பயன்பட்டதே, தம்பி. மூன்று நாள் முழுசாகப் பயன்பட்டதே.

நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நின்றேன். பிறகுதான் உறைத்தது, பதினாறு வருஷமாக நான் சபித்துக்கொண்டிருக்கும் அந்த விதியை என் கண்ணால் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று. பழைய பதிப்பை எடுத்துப் பக்கத்தைத் தேடினேன். இருந்தது. நோயுற்ற மாலுமியைக் கப்பலின் தலைவர் நேரில் அழைத்து வந்து தூதரக அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் குரல் சொன்னது போலவேதான். அதற்குக் கீழே இரண்டாவது பத்தி ஒன்று இருந்தது. மூன்றே வரி. நோய் உயிருக்கு ஆபத்தானதென்றால், தலைவர் இல்லாவிட்டாலும், யார் தகவல் கொடுத்தாலும், கப்பல் எந்த நாட்டுக் கொடியுடையதானாலும், அலுவலர் தாமே சென்று பார்த்து மாலுமியைக் கரையில் இறக்கிச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யலாம்.

யார் தகவல் கொடுத்தாலும்! நான் கொடுத்தேனே. நான்கு முறை கொடுத்தேனே.

அந்த மூன்று வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பிழை திருத்துகிறவர்கள் எழுத்தைத்தான் பார்ப்பார்கள், பொருளைப் பார்த்தால் பிழை தப்பிவிடும் என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்தார்கள். அன்று எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை, பொருள் மட்டும் தெரிந்தது. மதிய இடைவேளையில் எஸ்தர் அத்தைக்குப் போன் போட்டேன்.

"மதினி, அந்த விதியில ரெண்டாவது பத்தி ஒண்ணு இருந்துருக்கு." படித்துக் காட்டினேன்.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, "அப்ப அந்த ஆளு அதைப் படிக்கலையா, படிச்சும் சொல்லலையா?" என்று கேட்டாள்.

"தெரியலையே மதினி."

"ரெண்டும் ஒண்ணுதான்ட்டி" என்று சொல்லி வைத்துவிட்டாள். பதினாறு வருஷத்தில் அவள் குரல் உடைந்து கேட்டது அன்றைக்குத்தான்.

நான் முதலாளியிடம் போனேன். "அண்ணாச்சி, இந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுக்காம விடலாமா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, அரசாங்கமே தூக்கிட்டு. நாம வச்சு என்ன, கண்காட்சியா நடத்தப் போறோம்? காலண்டர் சீசன் வேற, மெஷின் நிக்குது. சரி போட்டு அனுப்பும்மா" என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பழைய பக்கத்தின் நகல் ஒன்றை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இந்த ரத்து வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதே. முதல் பத்தியை என் கையில் கொடுத்தால் நானே அடுப்பில் போடுவேன். ஓடிப்போன கேப்டன் கூட்டிக்கொண்டு வந்தால்தான் மனிதன் மனிதன் என்று சொல்லுகிற விதிக்கு ஒரு நாடு எதற்கு? எனக்குக் கோபம், இரண்டு பத்தியையும் ஒரே கட்டாகக் கட்டி, பயன்பாட்டில் இல்லை என்று ஒரே முத்திரை குத்தி அனுப்புகிறார்களே, அதில்தான். கெட்ட பத்தியைப் பயன்படுத்தினார்கள், நல்ல பத்தியை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் ஒரே சாவு. அந்த இரண்டாவது பத்திக்குப் பதிலாகப் புதிதாக என்ன வைத்திருக்கிறார்கள் என்று பட்டியலில் தேடினேன். பட்டியல் எதை எடுக்க வேண்டும் என்றுதான் சொன்னது, எதை வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வேறு எங்காவது வைத்திருக்கலாம். நல்லதாகவே இருக்கலாம். அதை நான் தேடிக் கண்டுபிடித்துப் படிக்காமல் விடப் போவதில்லை. ஆனால் அதுவும் ஒரு அலுவலகத்தில், ஒரு மேஜையில், யாரோ ஒருவர் பாதியோடு மூடி வைக்கிற புத்தகத்தில்தானே இருக்கும்?

அந்த அலுவலரின் மேல் இருக்கும் கோபத்தில் பாதி என் மேல் இருக்கிறது. விதி அப்படி என்று ஒரு மனிதர் சொன்னார், பட்டம் வாங்கியவள், படிப்பதையே தொழிலாக வைத்திருப்பவள், அந்தப் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டுங்கள் சார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் பத்தி முடிந்ததும் இரண்டாவது வந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை, தம்பி. விதி என்றால் தலைகுனிந்து கேட்டுக்கொள்ள வேண்டியது என்று மட்டும் தெரிந்திருந்தது. நீ போகிற இடத்தில் கேப்டன் சொல்வார், ஏஜென்ட் சொல்வார், துறைமுகத்தில் யூனிபார்ம் போட்டவன் சொல்வான், விதி இதுதான் என்று. மரியாதையாகக் கேள். கேட்டுவிட்டு, எந்தப் பக்கம் என்று கேள். கீழே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார். எரிச்சல்படுவார்கள். படட்டும். சிடிசி என்கிற உன் மாலுமிப் பதிவுப் புத்தகத்தின் நகல், ஒப்பந்தத்தின் நகல், கப்பலின் பெயர், எந்தக் கொடி, முதலாளி யார், எல்லாம் எனக்கும் அத்தைக்கும் வந்துசேர வேண்டும். வயிறு வலித்தால் பக்கத்தில் இருப்பவனிடம் சொல், வெட்கப்படாதே. நான் பயந்தாங்கொள்ளி என்று உன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பாய். சிரித்துக்கொள்.

உன்னை ஏன் போகாதே என்று சொல்லவில்லை என்று அத்தை கேட்டாள். உன் அப்பா எண்ணெய்க் கறையோடு நின்று சிரிக்கிற அந்தப் போட்டோவைச் சுவரில் மாட்டி, கடலில் வேலையில் நின்றபடியே வீரனாகச் செத்தார் என்று கதை சொல்லி வளர்த்தவள் நான். அந்தப் பொய்யைப் பார்த்துத்தான் நீ கப்பலுக்கு ஆசைப்பட்டாயோ என்று பயமாக இருக்கிறது. உண்மை தெரிந்த பிறகும் ஆசை இருந்தால் அது உன்னுடையது. அதைத் தடுக்க மாட்டேன். பட்டாசு வேண்டாம், அச்சாபீசு வேண்டாம் என்று நம் ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் கப்பலுக்குப் போகிறார்கள். அவர்கள் வீட்டிலும் பிரிட்ஜ் மேல் தாள் இருக்கும். அதனால் நீ படித்த பிறகு இந்தக் கடிதத்தை நம் சபைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். உனக்குக் கூச்சமாக இருந்தால் பெயரை எடுத்துவிடுகிறேன். மற்ற எதையும் எடுக்க மாட்டேன்.

உன் நான்கு தாள்களையும் படித்துவிட்டேன். மூன்றாவது தாள், ஏழாவது வரி. நெருங்கிய உறவினர், மாலுமிக்கு எது நேர்ந்தாலும் ஏஜென்ட் மூலமாக மட்டுமே தொடர்புகொள்வார், எந்தத் தூதரகத்தையும் அரசு அலுவலகத்தையும் நேரடியாக அணுக மாட்டார் என்று இருக்கிறது. நெருங்கிய உறவினர் நான்தான். இதைப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். எல்லாரும் போடுறதுதானே!

அச்சாபீசுச் சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த வரியின் மேல் கோடு இழுத்து, நீக்கு என்பதற்கு நாங்கள் போடுகிற குறியை ஓரத்தில் போட்டு, அதன் பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒரு அரசாங்கம் ஒரு விதியை நீக்க எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அரை நிமிஷம் ஆனது. மற்ற மூன்று தாள்களிலும் கேட்ட இடத்தில் கேட்டபடி போட்டிருக்கிறேன்.

நாளைக்கு நீயே தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் ஏஜென்டிடம் கொடு. அவன் மூன்றாவது தாளைத் திருப்பும்வரை நில். அடித்த வரியோடு வாங்கி வைத்துக்கொண்டால், வியாழக்கிழமை விருதுநகர் ஸ்டேஷனுக்கு அத்தையோடு வருவேன், அழாமல் அனுப்புவேன். "இது என்ன கிறுக்கல், புதுத் தாள் தாரேன், உங்கம்மாகிட்ட ஒழுங்கா வாங்கிட்டு வாங்க" என்று சொன்னால், அவனோடு சண்டை போடாதே. இந்தக் கப்பலில் என் பிள்ளைக்கு வயிறு வலித்தால் என்ன நடக்கும் என்பதை அவனே சொல்லிவிட்டான் என்று வைத்துக்கொள். தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வா. பூட்ஸ் கெட்டுப் போகாது. அந்த வரி இல்லாத வேறு கப்பல் வரும்வரை கட்டிலுக்கு அடியில் கிடக்கட்டும்.

தாள்கள் நீ வைத்த இடத்திலேயே, உப்பு ஜாடிக்கு அடியில் இருக்கின்றன. ரத்தான பக்கத்தின் நகலையும் கூட வைத்திருக்கிறேன். எடுத்துப் போவதற்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டாவது பத்தி வரைக்கும் படி.